வேகத்துக்குக் கட்டிய சைக்கிளை வித்தைக்குத் திருப்புதல்: ஒரு ஃபிக்சட் கியர் நிகழ்வு ஆய்வு

ஃபிக்சட் கியர் சைக்கிளில் வித்தை பழக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது ஹேண்டில்பாரில்தான். அகலமான பார், புதுப் பிடி, புது சீட் என்று மேலிருந்து தொடங்குவார்கள். பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. இந்த வரிசையை அப்படியே புரட்டிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தனியே சுழலவிடும் ஃப்ரீவீல் இல்லாத இந்தச் சைக்கிளில் பெடலும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுழலும். கால்தான் முடுக்கி, கால்தான் பிரேக். அந்தக் காலின் விசை தரையைப் போய்ச் சேர, பின்பல்சக்கரத்தை ஹப்போடு பிணைக்கும் சில மில்லிமீட்டர் மரையைத் தவிர வேறு வழி கிடையாது. அங்கே சந்தேகம் இருக்கும்வரை மற்ற எதைச் சரிசெய்தாலும் வீண். இங்கே நான் எழுதப்போகும் சைக்கிள் இதற்குத் தெளிவான சான்று.

வந்தபோது இருந்த நிலை

ஓட்டுநர் இருபதுகளில் இருக்கும் பெண். கியர் சைக்கிளில் நெடுந்தூரம் ஓட்டிப் பழகியவர். உடல்வலுவும் சமநிலையும் நன்றாகவே உண்டு. அவர் பழையதாக வாங்கியது பந்தயத் தடத்துக்கான பாணியில் கட்டிய எஃகுச் சட்டகம். 700சி சக்கரங்கள், 23 மி.மீ. டயர், சக்கரத்துக்கு 32 ஸ்போக்ஸ், 165 மி.மீ. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), கீழ்நோக்கி வளைந்த ரேஸ் ஹேண்டில்பார், உலோகக் கூண்டும் தோல்வாரும் கொண்ட பெடல். பெடல் பக்கப் பல்சக்கரமான செயின்ரிங்கில் 48 பல், பின்னால் 16 பல். முன்சக்கரத்துக்கு மட்டும் ஒரு பிரேக். பின் ஹப் இருபக்கமும் மரை கொண்ட வகை: ஒருபக்கம் ஃபிக்சட் பல்சக்கரத்துக்கு, மறுபக்கம் ஃப்ரீவீலுக்கு. நேர்ச்சாலையில் பறக்க அருமையான சைக்கிள்.

அவர் கற்க விரும்பியவை நான்கு. காலைத் தரையில் ஊன்றாமல் ஒரே இடத்தில் நிற்கும் டிராக் ஸ்டாண்ட். காலால் பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்கிச் செல்லும் ஸ்கிட். பின்னோக்கி மிதித்துச் சுற்றும் வட்டம். கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேண்டில்பாரை முழுச் சுற்று சுழற்றிப் பிடிக்கும் பார்ஸ்பின். இதில் எதுவும் கைகூடவில்லை. “அண்ணா, எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நிற்க மாட்டேன் என்கிறது. நின்றாலும் ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்டுவிட்டுத்தான் நிற்கிறது. எனக்குக் கால் பலம் போதவில்லை போலிருக்கிறது” என்றார். முழங்கால் வலி வேறு இருந்தது. பின் டயர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நூலிழை தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் புதிது போல இருந்தது. மெதுவாகத் திரும்பும்போது காலணி முனை முன்சக்கரத்தில் இடிப்பதாகவும், கூண்டிலிருந்து காலை எடுக்க முடியாமல் நின்ற நிலையிலேயே பக்கவாட்டில் விழுந்ததாகவும் சொன்னார்.

கால் பலம் போதாது என்று அவர் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. கற்பவர்களில் பலர் சைக்கிளின் குறையைத் தம் உடலின் குறையாக எடுத்துக்கொண்டு பாதியில் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சத்தம் மட்டுமே பிரச்சினை காலில் இல்லை என்பதைக் காட்டப் போதுமானது.

பின் ஹப்

சத்தத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க மெல்லிய வண்ணப் பேனா போதும். பல்சக்கரத்தின் முகத்திலிருந்து ஹப்பின் உடல்வரை குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி சீட்டின் மீது உடல் எடையைப் போட்டு, பெடலை முன்னும் பின்னும் பலமாக அழுத்தச் சொன்னேன். மூன்றாவது அழுத்தத்திலேயே கோடு இரண்டாக உடைந்தது. பல்சக்கரத்தில் இருந்த பாதி இடப்புறம் நகர்ந்துவிட்டது. ஹப்பில் இருந்த பாதி அப்படியே நின்றது. முன்னோக்கி மிதித்தால் மீண்டும் இறுகி, இரண்டு பாதியும் ஒன்றுசேர்ந்தன. அவர் கேட்ட ‘கடக்’ இந்த இடைவெளிதான்.

சக்கரத்தைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஃபிக்சட் பல்சக்கரத்தை யாரோ ஹப்பின் ஃப்ரீவீல் பக்கத்தில் பூட்டியிருக்கிறார்கள். இது சாத்தியமாவதற்குக் காரணம், இரண்டுக்கும் மரை ஒன்றே: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி. அது கழலாமல் இருக்க, கிராங்க் அச்சுக்கூட்டில் பயன்படும் ஒரு பூட்டு வளையத்தை மேலே திருகி இறுக்கியிருந்தார்கள். அந்த வளையத்துக்கும் அதே 1.37 அங்குல வலம்புரி மரைதான். பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழலும் திசையும் வளையம் கழலும் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. பல்சக்கரம் தான் கழலும்போது வளையத்தையும் சேர்த்தே தள்ளிக்கொண்டு போகும்.

முறையான ஃபிக்சட் பக்கத்தில் மரை இரண்டு படிகளாக இருக்கும். உட்படியில் பல்சக்கரத்துக்கான 1.37 அங்குல வலம்புரி மரை. வெளிப்படியில் சற்றே சிறிய, 1.29 அங்குல இடம்புரி மரை. லாக்ரிங் எனும் பூட்டு வளையம் இந்த இரண்டாம் படியில் ஏறுகிறது. பின்னோக்கி அழுத்தும் கால் பல்சக்கரத்தைக் கழற்ற முயன்றால், அந்த உராய்வு லாக்ரிங்கை மேலும் இறுக்கும் திசையிலேயே திருப்பும். ஃபிக்சட் கியரின் பாதுகாப்பு முழுவதும் இந்த எதிரெதிர்ப் புரியில் அடங்கியிருக்கிறது. ஃப்ரீவீல் பக்கத்தில் பல்சக்கரத்தைப் பூட்டி ஓட்டும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘தற்கொலை ஹப்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மிகையில்லை. வண்டி ஓடும்போது பல்சக்கரம் முழுதாகக் கழன்றால், காலால் நிறுத்தும் வசதி ஒரு நொடியில் இல்லாமல் போய்விடும்.

நல்லவேளையாக, ஹப்பின் ஃபிக்சட் பக்க மரை பயன்படுத்தப்படாமல் சுத்தமாக இருந்தது. இருபுறமும் ஸ்போக்ஸ் சமமாக நிற்கும் ஹப் என்பதால் சக்கரத்தைத் திருப்பிப் போட முடிந்தது. மரையைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, பல்சக்கரத்தை விரலாலேயே கடைசிவரை ஏற்றினேன். விரலால் ஏறாத பல்சக்கரத்தைக் கருவி கொண்டு ஏற்றக் கூடாது. அலுமினிய ஹப்பின் மரை எஃகுப் பல்சக்கரத்துக்கு முன் நிற்காது, ஒருமுறை சிதைந்தால் ஹப்பையே மாற்ற வேண்டியதுதான். அதன்பின் செயின் கோர்த்த நீள்கைக் கருவியால் முழுப் பலத்தோடு இறுக்கி, கொக்கிச் சாவியால் லாக்ரிங்கை எதிர்த்திசையில் இறுக்கினேன். செயினைக் கிராங்க் கூட்டில் சுற்றிவைத்து சக்கரத்தையே நெம்புகோலாக்கி இறுக்கும் இன்னொரு வழியும் உண்டு. விசை நிறையக் கிடைக்கும். ஆனாலும் மெல்லிய சுவர் கொண்ட சட்டகத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

இத்தோடு முடியாது. முதலில் இறுக்கியபோது எவ்வளவு பலம் போட்டாலும், ஓட்டுநரின் எடை மேட்டில் ஏறி மிதிக்கும்போதுதான் பல்சக்கரம் தன் கடைசி இடத்துக்குப் போய் உட்காரும். அப்போது அதற்கும் லாக்ரிங்குக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். எனவே ஒரு மேட்டில் ஏறி வரச் சொல்லிவிட்டு, லாக்ரிங்கை மீண்டும் இறுக்கினேன். கால்வாசிச் சுற்றுக்கும் சற்றுக் குறைவாக உள்ளே போனது. அந்தக் கால்வாசியை விட்டிருந்தால், முதல் ஸ்கிட்டிலேயே பழைய சத்தம் திரும்பியிருக்கும், இம்முறை நல்ல மரையைத் தின்றபடி. புதிதாக ஒரு வண்ணக் கோடு போட்டுக் கொடுத்தேன். அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் பழகத் தொடங்க வேண்டும் என்பது மட்டுமே நான் வைத்த நிபந்தனை.

கியர் விகிதம்

48-க்கு 16 என்றால் விகிதம் சரியாக 3. ஒரு முழு மிதிக்குப் பின்சக்கரம் மூன்று சுற்று, ஏறத்தாழ 6.4 மீட்டர். வேகத்துக்கு ஏற்றது, ஸ்கிட் பழகுபவருக்கு இதைவிடப் பொருந்தாத விகிதம் கிடைப்பது அரிது. காரணங்கள் இரண்டு.

முதலாவது விசை. பின் டயரை நிறுத்தத் தேவைப்படும் விசை பெடலில் எவ்வளவாக உணரப்படும் என்பது சக்கரத்தின் ஆரம், கிராங்க் நீளம், கியர் விகிதம் மூன்றையும் பொறுத்தது. சக்கர ஆரம் ஏறத்தாழ 340 மி.மீ., கிராங்க் 165 மி.மீ. என்று வைத்தால், ஒன்றை மற்றதால் வகுத்து விகிதத்தால் பெருக்க, 6.2 வருகிறது. அதாவது தரையில் டயர் எதிர்க்கும் ஒவ்வொரு கிலோ விசைக்கும் கால் ஆறு கிலோவுக்கு மேல் எதிர்க்க வேண்டும். முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்? டிராக் ஸ்டாண்டிலும் இதே எண்தான் வேலை செய்கிறது. பெடல் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் சைக்கிள் 6.2 செ.மீ. நகரும். ஒரே இடத்தில் நிற்க முயல்பவருக்குப் பாதத்தின் சின்ன நடுக்கமே பெரிய தாவலாகிவிடும்.

இரண்டாவது தேய்மானம். ஸ்கிட் செய்யும்போது கிராங்க் எப்போதும் கிடைமட்டத்தில், வழக்கமான கால் முன்னே இருக்கும்படிதான் பூட்டப்படுகிறது. விகிதம் முழு எண்ணாக இருந்தால், கிராங்க் அந்த நிலைக்கு வரும் ஒவ்வொரு முறையும் டயரின் அதே புள்ளிதான் தரையில் இருக்கும். கணக்கு எளிது: செயின்ரிங் பல்லையும் பின்பல்லையும் பின்னமாக எழுதிச் சுருக்கினால், கீழே நிற்கும் எண்தான் டயர் தேயும் இடங்களின் எண்ணிக்கை. 48/16 சுருங்கி 3/1 ஆகிறது. ஒரே ஓர் இடம். மேல் எண் ஒற்றைப்படையாக இருந்து, இரு கால்களையும் மாற்றி மாற்றி முன்வைத்துப் பழகினால் இடங்கள் இரட்டிக்கும். அவர் எப்போதும் வலது காலையே முன்வைத்தார். டயர் ஓரிடத்தில் மட்டும் நைந்ததன் மர்மம் இவ்வளவுதான்.

தேர்ந்தெடுத்தது 39-க்கு 17. விகிதம் 2.29. பெடலில் தேவைப்படும் விசை 6.2-லிருந்து 4.7 ஆகக் குறைகிறது, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 39-ம் 17-ம் பொதுக் காரணி இல்லாத எண்கள் என்பதால் டயரில் 17 இடங்கள். மேல் எண் ஒற்றைப்படை என்பதால் இரு காலும் பழகினால் 34. அவருடைய கிராங்கில் செயின்ரிங் போல்ட்டுகளின் வட்டம் 130 மி.மீ. என்பதால் 39 பல் தாராளமாகப் பொருந்தியது. தடப் பந்தயக் கிராங்குகளில் பெரும்பாலும் 144 மி.மீ. வட்டம் இருக்கும்; அதில் இவ்வளவு சிறிய செயின்ரிங் ஏறாது. விகிதத்தைக் குறைக்க நினைப்பவர்கள் செயின்ரிங் வாங்கும் முன் இந்த ஒன்றை அளந்துகொள்வது நல்லது.

இன்னும் குறைத்து 2-க்கே போயிருக்கலாமே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. உள்ளரங்கக் கலைச் சைக்கிள் போட்டிகளில் பயன்படும் ஃபிக்சட் கியர் சைக்கிள்களில் விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. அதில்தான் பின்னோக்கி ஓட்டுவதும் முன்சக்கரத்தைத் தூக்கி ஒரே சக்கரத்தில் சுற்றுவதும் நடக்கின்றன. வித்தைக்குக் குறைந்த விகிதமே ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் இவர் பழகுமிடத்துக்கும் இதே சைக்கிளில்தான் போய்வருகிறார். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் 2.29 விகிதத்தில் பெடலை நிமிடத்துக்கு ஏறத்தாழ 85 சுற்று சுற்ற வேண்டும். 2 என்றால் அது 98 ஆகும். சரிவில் இறங்கும்போது பெடல் காலை விரட்டத் தொடங்கிவிடும். ஃபிக்சட் கியரில் அப்படி விரட்டப்படுவது அச்சமூட்டும் விஷயம். சாலையும் வித்தையும் ஒரே சைக்கிளில் என்றால் 2.2 முதல் 2.5 வரை என் தேர்வு.

பெரிய விகிதத்தில் டிராக் ஸ்டாண்ட் முடியாது என்று இதற்குப் பொருளில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்பிரிண்ட் அரையிறுதியில் இத்தாலியின் ஜியோவானி பெட்டனெல்லாவும் பிரான்சின் பியர் ட்ராந்தனும், எதிராளி முதலில் புறப்படட்டும் என்று 21 நிமிடம் 57 விநாடி அசையாமல் நின்றார்கள். பந்தயக் கியரில்தான் நின்றார்கள். ஆனால் அவர்கள் அதற்குள் உலகின் தலைசிறந்த தட ஓட்டக்காரர்கள். கற்பவருக்கு அந்தச் சுமை தேவையில்லை.

செயின்

பல் எண்ணிக்கை மொத்தத்தில் எட்டு குறைந்ததால், செயினில் அரை அங்குலக் கண்ணி நான்கைக் கழற்ற வேண்டியிருந்தது. மீதியைப் பின்பக்கம் திறந்த அச்சுக் காடியில் சக்கரத்தை நகர்த்திச் சரிசெய்தேன். செயின்ரிங் எதுவும் துல்லிய வட்டமாக உட்காருவதில்லை. கிராங்கைச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் இறுகும், எதிரே தளரும். போல்ட்டுகளை லேசாகத் தளர்த்தி, இறுகும் இடத்தில் செயினை மெல்லத் தட்டித் தட்டி மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். மிக இறுகிய இடத்தில் செயின் நடுவே விரலால் அழுத்தினால் 12 மி.மீ. அளவு அசைவு இருக்கட்டும். அதற்கும் குறைந்தால் ஹப் பேரிங் தேயும். கூடினால் பின்னோக்கி மிதிக்கும்போது செயின் பல்லைத் தாண்டும். கழன்ற செயின் பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டால் ஆளைத் தூக்கி எறியும்.

அச்சு நட்டை 15 மி.மீ. சாவியால் எவ்வளவு இறுக்கினாலும், ஓங்கி ஸ்கிட் செய்பவரின் சைக்கிளில் வலப்பக்க அச்சு முன்னே இழுபடும். சக்கரம் கோணி டயர் இடப்பக்கச் சட்டகத்தை உரசும். வலப்பக்கம் ஒரு செயின் இழுவைக் கொக்கி பொருத்தியதில் இந்தத் தொல்லை நின்றது.

கால், கை, டயர்

ஸ்கிட்டில் முன்கால் பெடலை மேலே இழுக்கிறது, பின்கால் கீழே அழுத்துகிறது. கால் பெடலோடு பிணைக்கப்படாவிட்டால் பாதி வேலையே நடக்காது. மீதிப் பாதியிலும் கால் தெறித்துவிடும். ஆகவே பிணைப்பு கட்டாயம். ஆனால் விழும்போது கால் உடனே வெளியே வரவும் வேண்டும். உலோகக் கூண்டு இந்த இரண்டையும் சேர்த்துத் தராது: தோல்வாரை இறுக்கினால் கால் மாட்டிக்கொள்ளும், தளர்த்தினால் பிடி இல்லை. அகலமான தட்டைப் பெடலில் பாதத்துக்குக் குறுக்காக, சாய்வாகச் செல்லும் அகலப் பட்டை போட்டோம். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிப் பாதத்தை நுழைத்து, பிறகு குதிகாலை உள்ளே திருப்பினால் பட்டை இறுகுகிறது. மீண்டும் வெளியே திருப்பினால் விடுகிறது. ஓரிடத்தில் சாய்ந்து நின்றபடி, பார்க்காமலேயே காலை நுழைக்கவும் எடுக்கவும் பழகிய பிறகே அவரை ஓட்ட அனுப்பினேன். பட்டையின் நீளத்தை அவர் வழக்கமாக அணியும் காலணிக்கே பொருத்தினோம். காலணி மாறினால் பட்டையும் மாற வேண்டும்.

ஹேண்டில்பார் இவ்வளவுக்கும் பிறகுதான் வந்தது. ரேஸ் பாரின் வளைந்த கொம்புகள், முன்சக்கரத்தை அதிகம் திருப்பும்போது முழங்காலில் இடிக்கும். சற்றே மேலெழும்பிய 640 மி.மீ. அகல பாரும், பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெமைப் பழையதைவிடக் குட்டையாகவும் போட்டோம். சீட்டை விரலளவு இறக்கியதோடு நிறுத்திக்கொண்டேன். வித்தை சைக்கிள் என்றாலே சீட்டைச் சட்டகத்தோடு ஒட்ட வைக்கும் பழக்கம் இருக்கிறது. சாலையிலும் ஓட்டுபவரின் முழங்காலுக்கு அது கேடு. தவிர, தொடையால் சீட்டை அணைத்துச் சைக்கிளை நேராகப் பிடிக்கவும் ஓரளவு உயரம் வேண்டும்.

முன்பிரேக்கைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று தயங்காமல் சொன்னேன். செயின் அறுந்தால், கழன்றால், கால் பட்டையிலிருந்து நழுவினால், மிச்சம் இருப்பது அந்த ஒரு பிரேக்தான். பிரேக் இல்லாத தோற்றத்தை அழகென்று கருதுபவர்கள் இருக்கிறார்கள். பழகும் காலத்தில் அந்த அழகுக்கு நான் துணைபோக மாட்டேன்.

டயரை 28 மி.மீ. ஆக்கினோம், அதற்குமேல் சட்டகத்தில் இடமில்லை. ஸ்போக்ஸ் அனைத்தையும் ஒரே அளவு இறுக்கத்துக்குக் கொண்டுவந்து கோட்டம் எடுத்தேன். 32 ஸ்போக்ஸ் ஸ்கிட்டுக்கும் நிற்பதற்கும் போதும், படிக்கட்டிலிருந்து குதிக்கப் போதாது என்பதையும் சொல்லிவைத்தேன்.

பழகிய வரிசையும் பலனும்

டிராக் ஸ்டாண்டை மெல்லிய மேட்டில் தொடங்கினோம். மேட்டை நோக்கி நின்றால், பெடல் அழுத்தத்தைத் தளர்த்தியதும் சைக்கிள் தானாகப் பின்வாங்கும். கற்பவர் முன்னே தள்ள மட்டும் பழகினால் போதும். கிராங்க் கிடைமட்டமாக, முன்சக்கரம் ஏறத்தாழ 45 பாகை திரும்பியிருக்க வேண்டும். எந்தக் கால் முன்னே இருக்கிறதோ அந்தப் பக்கமே சக்கரத்தைத் திருப்பச் சொன்னேன். வலப்பக்கம் திருப்பினால் சக்கரத்தின் பின்விளிம்பு இடப்பக்கம் போய்விடும். முன்னே இருக்கும் வலது காலின் விரலுக்கு இடம் கிடைக்கும். அவருடைய பாதம் இடித்ததற்குப் பாதிக் காரணம், வலது காலை முன்வைத்து இடப்பக்கம் திருப்பியதுதான். அந்த மாற்றத்தைச் சொன்ன அன்றே மேட்டில் மூச்சு விட்டு நிற்க முடிந்தது அவரால். சமதளத்தில் நிற்க மேலும் சில வாரங்கள் ஆயின.

ஸ்கிட் அடுத்து. நீர் தெளித்த வழவழப்பான சிமென்ட் தரையில், நேர்கோட்டில், நடைவேகத்தைவிடச் சற்றே கூடுதலாக. உட்கார்ந்தபடி காலை மட்டும் இறுக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அவரும் அதையே செய்தார். பின்சக்கரத்தின் மீது உடல் எடை இருக்கும்வரை டயர் தரையை விடாது. எழுந்து, இடுப்பைச் சீட்டின் முனைக்கும் முன்னால் கொண்டுபோய், வயிறு ஸ்டெம்முக்கு மேலே வரும்படி சாய்ந்தால், பின்சக்கரம் லேசாகிறது. அந்த நொடியில் கிராங்க் கிடைமட்டத்தைத் தொடும்போது பூட்ட வேண்டும். டயர் முதன்முறை ஈரத் தரையில் நீண்ட கோடு இழுத்தபோது சத்தம் ‘சர்ர்’ என்று ஒரே சீராக வந்தது, ‘கடக்’ இல்லை. வண்ணக் கோட்டைக் குனிந்து பார்த்தோம், நேராகவே இருந்தது. கால் பலம் பற்றிய பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை. முழங்கால் வலியும் குறைந்துவிட்டதாகச் சொன்னார். இடது காலை முன்வைத்துப் பழகுவதுதான் இன்னும் அவருக்குப் பிடிவாதமாக வராமல் இருக்கிறது.

பின்னோக்கி வட்டம்தான் இந்தச் சைக்கிளுக்கு உண்மையான சோதனை. முன்னே போகும்போது முன்சக்கரம் தானாக நேராகிக்கொள்ளும். தரையைத் தொடும் புள்ளி, திருப்பும் அச்சின் கோட்டுக்குப் பின்னால் இருப்பதால் வருகிற குணம் அது. பின்னோக்கிப் போனால் அதே அமைப்பு எதிராக வேலை செய்கிறது: சக்கரம் சிறிது திரும்பியதும் மேலும் மேலும் மடிந்துவிடப் பார்க்கும். அகலமான பார் இங்கேதான் கைகொடுத்தது. டிராக் ஸ்டாண்டிலிருந்து மெல்லப் பின்வாங்கி, வட்டத்தின் உட்பக்கத் தோளின் மேலாகப் பின்னே பார்த்தபடி, முன்சக்கரத்தைக் கைகள் மடியவிடாமல் பிடித்து, கால்கள் சீராகப் பின்னோக்கி மிதிக்க வேண்டும். முதலில் கால்வட்டம், பிறகு அரை. பழைய ஹப் அமைப்பில் இதைச் செய்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் பல்சக்கரம் கழன்றுகொண்டே போயிருக்கும். இப்போது முழு வட்டம் வருகிறது, வலப்பக்கமாக மட்டும்.

முடியாமல் போனது

பார்ஸ்பின் இந்தச் சட்டகத்தில் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, பெடலில் காலை வைத்து, முன்சக்கரத்தைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்தோம். டயர் காலணி முனையில் இரண்டு விரற்கடை உள்ளே வந்து மோதியது. குறுகிய கிராங்க் போட்டாலும் இந்த இடைவெளி நிரம்பாது. கிராங்க் அச்சுக்கும் முன் அச்சுக்கும் இடையிலான தூரமே குறைவு. வேகமாகத் திரும்புவதற்காகக் கட்டிய தடச் சட்டகங்களின் இயல்பு அது. பிரேக் கேபிளும் சுற்றைத் தடுக்கும். இதே தடைகளால்தான் 2000-களின் இறுதியில் இந்த வித்தைகளில் தீவிரமாக இறங்கியவர்கள் 700சி தடச் சைக்கிளை விட்டு, அகல டயருக்கு இடமுள்ள 26 அங்குலச் சக்கரங்களுக்கும், நீண்ட முன்பகுதி கொண்ட கனமான சட்டகங்களுக்கும் நகர்ந்தார்கள்.

அவர் முகம் வாடியது உண்மை. ஆனால் முடியாத சைக்கிளில் முயன்று பல் உடைத்துக்கொள்வதைவிட இது மேல். இரண்டாவது சைக்கிள் தேடும்போது பார்க்க வேண்டியவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன்: 26 அங்குலச் சக்கரம், 36 ஸ்போக்ஸ், 14 மி.மீ. பின் அச்சு, பல்சக்கரத்தை மரையில் ஏற்றாமல் போல்ட்டால் பிணைக்கும் ஹப், 2-ஐ ஒட்டிய விகிதம், பெடலில் கால் இருக்க முன்சக்கரம் எதிலும் படாமல் முழுச் சுற்று சுற்றும் சட்டகம். கடைசி ஒன்றைக் கடையிலேயே சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். அதுவரை இந்த எஃகுச் சட்டகத்தில் இடப்பக்க வட்டமும் இடதுகால் ஸ்கிட்டும் பாக்கி இருக்கின்றன.